வெட்டாமல் எத்தனை செக்கன் காட்டுகிறான் என்று எண்ணுங்கள்

தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "மூன்று படத்துக்கு ட்ரெயிலரை நம்பி முதல் நாளே போய் ஏமாந்துபோனேன். இப்ப ஒரு புதுக் கேமுக்கு முற்பதிவு செய்ய 70 டொலர் கேட்கிறான், ட்ரெயிலரைப் பார்த்தால் கை தன்பாட்டில் கார்ட்டுக்குப் போகிறது. ட்ரெயிலரை வைத்துப் படமோ கேமோ நல்லதா கூடாதா என்று கண்டுபிடிக்க ஏதும் வழி இருக்கா அண்ணை?"

நல்லதா கூடாதா என்று கண்டுபிடிக்க ஏலாது. ஆனால் ட்ரெயிலரை விடுகிறவன் கையில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது, எதை மறைக்கிறான் என்பதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். காசைக் காப்பாற்ற அது போதும் என்பது என் எண்ணம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வந்து இருங்கள்.

நான் ஒன்றும் சினிமாக்காரன் இல்லை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பதினாலு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன், இடைக்கிடை எங்கட பெடியள் எடுக்கும் குறும்படங்களுக்கு ட்ரெயிலர் வெட்டிக் கொடுப்பேன். கல்யாண வீடியோவிலும் இப்போது டீசர் என்று ஒன்று உண்டு. முழு வீடியோ மூன்று மணித்தியாலம், அதை ஒருவரும் பார்ப்பதில்லை. இரண்டரை நிமிட டீசரைத்தான் கனடாவில் இருக்கும் மாமா பத்துத் தரம் பார்த்துவிட்டு "நல்ல வடிவாச் செய்திருக்கிறியள்" என்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். ஆகவே இந்தப் பொய்யை நானே கையால் செய்கிறவன், அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

ஒரு கல்யாணத்தைச் சொல்கிறேன். சித்திரை வெயில், பட்டுவேட்டி, தலைப்பாகை, மாப்பிள்ளை காலையிலிருந்து உம்மென்று இருந்தார். ஆறு மணித்தியாலக் காட்சியைத் துழாவிப் பார்த்தால் மனிதன் சிரித்தது மொத்தம் மூன்று செக்கன், அதுவும் அவருடைய கூட்டாளி ஒருவன் பிளாஸ்டிக் கதிரையோடு சரிந்து விழுந்தபோது. அந்த மூன்று செக்கனை எடுத்துப் பொம்பிளை மண்டபத்துக்குள் வரும் காட்சிக்கு அடுத்ததாக வைத்தேன். பொம்பிளையைக் கண்டு முகம் மலர்ந்த மாப்பிள்ளை! பிறகு, ஓமப் புகை கண்ணுக்குள் போய் அம்மா கண்ணைத் துடைத்ததை எடுத்துத் தாலி கட்டும் இடத்தில் வைத்தேன். டீசரைப் பார்த்த அவருடைய சகோதரிமார் அழுதார்களாம்.

இந்த வித்தை ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. நூறு வருடத்துக்கு முந்தியே ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரே நடிகரின் ஒரே முகத்தை ஒரு கோப்பை சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று வேறு வேறு படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். ட்ரெயிலர் என்பது இரண்டரை நிமிடத்துக்கு இதையே திரும்பத் திரும்பச் செய்வது.

ஆனால் அதே டீசரில் ஒரு இடத்தில் நான் கத்தரியை வைக்கவில்லை. பொம்பிளை தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு நடந்து வருகிறார், தகப்பனுக்குக் கால் கொஞ்சம் ஏலாது, மகள் அவருக்காக நடையைக் குறைக்கிறார். பதினொரு செக்கன். வெட்டாமல் அப்படியே விட்டேன், பாட்டைக்கூடக் குறைத்தேன். உண்மையிலேயே நல்ல காட்சி ஒன்று கையில் இருந்தால் எந்த எடிட்டரும் அதைக் கொத்தமாட்டான். இல்லாதபோதுதான் கொத்து ரொட்டி போடுவான். நான் சொல்ல வருவதெல்லாம் இந்தப் பதினொரு செக்கனைச் சுற்றித்தான்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளவேண்டும்: ட்ரெயிலரைச் செய்கிறவரும் படத்தைச் செய்கிறவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள், ஹொலிவூட்டில் இது ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 1913 இல் நியூயோர்க்கில் ஒரு தியேட்டர் குழுமத்தின் விளம்பர முகாமையாளராக இருந்த நில்ஸ் கிரான்லுண்ட் என்பவர், வரப்போகும் ஒரு மேடை நாடகத்துக்காகச் சின்னத் துண்டுப்படம் ஒன்று செய்து திரையிட்டார், இப்போது நாங்கள் ட்ரெயிலர் என்று சொல்வதற்கு அதைத்தான் முன்னோடியாகக் காட்டுவார்கள். அந்தக் காலத்தில் படம் முடிந்த பிறகு வாலாகப் போட்டதால் 'பின்னால் இழுபடுவது' என்ற பெயர் வந்தது, பிறகு அது முன்னுக்கு வந்தும் பெயர் மாறவில்லை. 1919 இல் தொடங்கிய நஷனல் ஸ்கிரீன் சேர்விஸ் என்ற கொம்பனிதான் அடுத்த சில பத்தாண்டுகளுக்குப் பெரிய ஸ்டூடியோக்களுக்கெல்லாம் ட்ரெயிலர் வெட்டிக் கொடுத்தது. இன்றைக்கும் அதற்கென்று தனிக் கடைகள் இருக்கின்றன. படப்பிடிப்பு முடியும் முன்பே அன்றன்று எடுத்த காட்சிகள் அவர்களுக்குப் போய்விடும். இயக்குநர் எந்தக் காட்சியை வைத்துக்கொள்ளப் போகிறார், எதைத் தூக்கப் போகிறார் என்று அவருக்கே தெரியாத நேரத்தில் ட்ரெயிலர் தயாராகிவிடும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்றால், 2016 இல் வந்த சூசைட் ஸ்குவாட் படத்தின் ட்ரெயிலர் நன்றாக எடுபட்டதும், அதை வெட்டிய கொம்பனியைக் கூப்பிட்டுப் படத்தின் ஒரு வடிவத்தையே வெட்டவைத்தார்கள் என்று செய்தி வந்தது. படத்தைப் பார்த்தால் விளங்கும், இரண்டு மணித்தியால ட்ரெயிலர் போலத்தான் இருக்கும்.

எங்கட ஊரில் ட்ரெயிலர் என்பது நெடுநாள் இல்லாத சாமான். அப்பாவின் காலத்தில் ஒலிபெருக்கி கட்டின கார் ஒழுங்கைக்குள் வந்து நோட்டீஸ் வீசிக்கொண்டு போகும், இலங்கை வானொலியில் திரைவிருந்து போகும், அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜாவின் குரலைக் கேட்டே படத்துக்குப் போன சனம் உண்டு. வசனத்தையும் பாட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு காதுக்கு வெட்டிய ட்ரெயிலர் அது. என் காலத்தில் அதுவும் இல்லை. 1990 க்குப் பிறகு யுத்தத்தால் மின்சாரமே இல்லை, யாராவது ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் ஜெனரேற்றர் போட்டு டெக்கில் படம் ஓடினால் ஊரே கூடும். வரமுடியாமல் போனவனுக்கு அடுத்த நாள் வகுப்பில் பார்த்தவன் கதை சொல்லுவான், சண்டைக் காட்சிக்கு வாயாலேயே சத்தம் போடுவான். நான் கேட்டதில் நல்ல ட்ரெயிலர் அதுதான், ஏனென்றால் அவனுக்கு ரிக்கெற் விற்கவேண்டிய தேவை இல்லை. பிறகு பல வருடம் கழித்து அந்தப் படங்களை நேரே பார்த்தபோது பாதி ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சரி, படங்களுக்கு வருவோம்.

ட்ரெயிலரில் இருப்பது படத்தில் இருக்கவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அவெஞ்சர்ஸ் இன்ஃபினிட்டி வோர் ட்ரெயிலரில் எல்லோரோடும் சேர்ந்து ஹல்க் ஓடி வருவார், படத்தில் அந்த இடத்தில் ஹல்க்கே இல்லை. இரகசியத்தைக் காப்பாற்றச் செய்த வேலை அது. 2021 இல் ஸ்பைடர்மேன் நோ வே ஹோம் ட்ரெயிலரில் இன்னும் வேடிக்கை, படத்தில் வரும் மற்ற இரண்டு ஸ்பைடர்மேன்களை ட்ரெயிலரிலிருந்து அழித்துவிட்டார்கள். ஆனால் ஒரு இடத்தில் வில்லனான பல்லி மனிதனின் முகம் யாரோ குத்தியதுபோலத் திரும்பும், குத்தியவரைக் காணோம். அந்த ஒரு செக்கனைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்கப் பெடியள் கதையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதைக் கோர்ட்டுக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். 2016 இல் வந்த ஃபேன் என்ற ஹிந்திப் படத்தின் விளம்பரத்தில் வந்த ஒரு பாட்டு படத்தில் இல்லை. அதைப் பார்க்கவென்றே குடும்பத்தோடு போன ஒரு பெண் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார், 10,000 ரூபா நட்டஈடு என்று தீர்ப்பும் வந்தது. ஆனால் 2024 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது: விளம்பர ட்ரெயிலர் ஒரு ஒப்பந்த வாக்குறுதி இல்லை, அதில் இருப்பதெல்லாம் படத்தில் இருக்கவேண்டும் என்று கேட்க ஏலாது என்பது சாரம். அமெரிக்காவில் எதிர்ப்பக்கமாகப் போனது. யெஸ்டர்டே என்ற 2019 படத்தின் ட்ரெயிலரில் வந்த நடிகை அனா டி அர்மாஸ் படத்தில் வெட்டுப்பட்டுவிட்டார், 3.99 டொலருக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்த இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள், ட்ரெயிலரும் ஒரு வணிக விளம்பரம்தான், பொய் விளம்பரச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 2022 டிசெம்பரில் நீதிபதி சொன்னார். எனக்கு அமெரிக்கத் தீர்ப்பில்தான் நியாயம் தெரிகிறது, ஆனால் கல்யாண டீசர் வெட்டுகிறவன் என்ற முறையில் இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது நல்லது.

அப்ப எப்படிப் பார்ப்பது? முதல் தடவை ஆசைக்குப் பார்த்துவிடுங்கள், அதைத் தடுக்க ஏலாது. இரண்டாவது தடவை சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள். ட்ரெயிலரில் பாதி வேலை சத்தம்தான் செய்கிறது. அந்த அடிவயிற்றைக் கலக்கும் 'பாஆம்' என்ற ஓசை, திடீரென்று எல்லாம் அடங்கி ஒரு மூச்சுச் சத்தம், பிறகு ஒரு வசனம், உடனே இடி. 2010 இல் இன்செப்ஷன் ட்ரெயிலர் வந்த பிறகு அந்தப் 'பாஆம்' எல்லாருடைய சமையலறைக்கும் வந்துவிட்டது, இப்போது எங்கள் கல்யாண டீசரிலும் கேட்கிறார்கள், நாதஸ்வரத்துக்கு நடுவில் எங்கே போடுவது என்று எனக்கு விளங்குவதில்லை. சத்தத்தை நிறுத்தினால் மிச்சம் நிற்பது என்ன என்று பாருங்கள். நாயகன் கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்து வருகிறார், கார் பறக்கிறது, யாரோ திரும்பிப் பார்க்கிறார், நாயகன் மறுபடி நடந்து வருகிறார். நடப்பதற்கு எட்டு ஷொட் இருந்து கதைப்பதற்கு ஒன்றும் இல்லை என்றால் யோசியுங்கள்.

மூன்றாவது தடவைதான் எண்ண வேண்டியது. எந்த ஷொட் நீளமானது? இரண்டு பேர் எதிரெதிரே நின்று முழுதாக இரண்டு வசனம் பேசுகிற இடம் ஒன்றாவது இருக்கிறதா, அல்லது ஒருவர் பேசுவதை வைத்துக்கொண்டு மற்றவருடைய முகத்தை வேறு எங்கேயோ இருந்து கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்களா? உடுப்பைப் பாருங்கள், பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள், பிடிபட்டுவிடும். நகைச்சுவைப் படத்துக்கு இது இன்னும் சுலபம். ஒரு பகிடி சொல்லி, அது விழுந்து, எதிரே இருப்பவர் அதற்கு ஒரு முழி முழிக்கிறவரைக்கும் விட்டிருந்தால் அங்கே சரக்கு இருக்கிறது. பகிடி முடியமுன் 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டு அடுத்த காட்சிக்குத் தாவினால், சிரிப்பு வராது என்று எடிட்டருக்கே தெரிந்திருக்கிறது. தமிழ்ப் படங்களில் இதற்கு ஒரு விலக்கு வைக்கவேண்டும்: பெரிய நடிகரின் படம் என்றால் ட்ரெயிலர் கதையைச் சொல்ல வருவதில்லை, தேர் புறப்படமுன் அடிக்கிற மணி மாதிரி. ஃபர்ஸ்ட் லுக், மோஷன் போஸ்டர், கிளிம்ப்ஸ், முதல் சிங்கிள், இரண்டாம் சிங்கிள், டீசர் எல்லாம் முடிந்து, கடைசியில் ஒரு கிழமை இரண்டு கிழமை இருக்கும்போதுதான் ட்ரெயிலர் வரும். அதை ஆராய்ச்சி செய்வதில் பிரயோசனம் இல்லை, போகிறவன் போகத்தான் போகிறான். 2023 ஒக்டோபரில் சென்னையில் ஒரு தியேட்டரில் லியோ ட்ரெயிலரை மட்டும் போட்டுக் காட்டியதற்கே கதிரைகள் உடைந்தன. படம் இல்லை தம்பி, ட்ரெயிலர்.

ஹொலிவூட் படங்களுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை, அங்கே கடைசி ட்ரெயிலர் கதை முழுவதையும் சொல்லிவிடும். காஸ்ட் அவே படத்தில் மனிதன் தனித்தீவில் மாட்டிக்கொள்கிறான், திரும்பி வருவானா என்பதுதான் கதை, 2000 இல் வந்த அதன் ட்ரெயிலரிலேயே வந்துவிட்டான். டெர்மினேட்டர் ஜெனிசிஸ் படத்தின் பெரிய திருப்பத்தை 2015 இல் ட்ரெயிலரில் போட்டு உடைத்தார்கள், அதில் இயக்குநருக்கே மனவருத்தம். பெரும்பாலான சனம் என்ன கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் காசை எடுக்கும் என்பது விற்பவர்களுடைய கணக்கு. அதனால் என் வழக்கம், முதல் டீசரைப் பார்ப்பேன், கடைசி ட்ரெயிலரைப் பார்க்கமாட்டேன்.

1960 இல் சைக்கோவுக்கு ஹிட்ச்கொக் செய்ததையும் இதோடு சொல்லவேண்டும். ஆறு நிமிடத்துக்கு மேல் அவரே அந்த விடுதியையும் வீட்டையும் சுற்றிக் காட்டுவார், ஒரு வழிகாட்டி மாதிரி, இங்கேதான் நடந்தது, இந்தப் படிக்கட்டில்தான் என்று பாதியில் நிறுத்தி நிறுத்திக் கதைப்பார். படத்தின் காட்சி ஒன்றுகூட இல்லை. கடைசியில் குளியலறைத் திரையை இழுத்ததும் ஒரு பெண் அலறுவார், அவர்கூடப் படத்தில் அந்தக் குளியலறையில் இருக்கும் நடிகை இல்லை, வேறு நடிகை. வெட்டாமல் நீளமாகக் காட்டிக்கொண்டே ஒன்றையும் காட்டாமல் விடுகிற அந்தத் துணிச்சல் இப்போது ஒருவருக்கும் இல்லை.

இனி கேம். உங்கள் 70 டொலர் இங்கேதான் இருக்கிறது. எங்கள் காசுக்கு இருபதாயிரத்துக்கும் மேல், தியேட்டர் ரிக்கெற் மாதிரி 'போனால் போகட்டும்' என்று விடுகிற தொகை இல்லை. அதோடு நூறு ஜிபி தரவிறக்கம், டேட்டாவுக்குத் தனிக் காசு.

படத்தின் ட்ரெயிலர் பொய் சொன்னாலும் பெரும்பாலும் படத்துக்காக எடுத்த காட்சியை வைத்துத்தான் சொல்லும். கேமில் அதுகூடத் தேவையில்லை, கேமே இல்லாமல் ட்ரெயிலர் செய்யலாம். அதனால் கேம் ட்ரெயிலர் என்று ஒன்று கிடையாது, மூன்று விதமான சாமான்கள் ஒரே பெயரில் வருகின்றன. ஒன்று சினிமாட்டிக், வேறு ஒரு அனிமேஷன் கொம்பனி தனியாகச் செய்து கொடுக்கும் குறும்படம், கேமோடு அதற்குள்ள தொடர்பு பெயரும் ஆட்களின் முகமும்தான். இரண்டாவது 'இன்-எஞ்சின்' என்று கீழே சின்ன எழுத்தில் போடுவது. கேமை ஓட்டும் அதே மென்பொருளில் செய்தது என்று அர்த்தமே தவிர, நீங்கள் விளையாடும்போது அப்படி இருக்கும் என்று அர்த்தம் இல்லை. எங்கள் வீட்டு அடுப்பில்தான் சமைத்தது, ஆனால் இன்றைக்கு உங்களுக்குப் போடும் சாப்பாடு அது இல்லை என்பது மாதிரி. மூன்றாவதுதான் கேம்பிளே, யாரோ ஒருவர் கட்டுப்பாட்டைக் கையில் வைத்து விளையாடியதைப் பதிந்தது. அதிலும் உயிர் அளவு, தோட்டாக் கணக்கு, மூலையில் வரைபடம் எல்லாம் தெரிகிறதா என்று பாருங்கள். அவற்றை அழித்துவிட்டு, கமராவை அழகாகச் சுற்றவிட்டு, அதையும் கேம்பிளே என்றே சொல்லுவார்கள்.

பழைய பெரிய கூத்து 2005 இல் கில்சோன் தொடரின் அடுத்த கேமுக்கு நடந்தது. இ-த்ரீ என்ற கேம் கண்காட்சியில், சோனியின் விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேசன் 3 இன் வல்லமையைக் காட்டவென்று ஒரு போர்க்காட்சி ஓடியது, சனம் அதை விளையாட்டு என்றே நம்பியது, பார்த்தால் முன்கூட்டியே வரைந்து வைத்த அனிமேஷன். கேம் வந்தது 2009 இல். நல்ல கேம்தான், ஆனால் நான்கு வருடம் அந்த ஒரு வீடியோவோடு ஒப்பிட்டுத் திட்டு வாங்கியது. 2012 இல் வோச் டோக்ஸைக் காட்டியபோது மழையும் வெளிச்சமும் காற்றில் பறக்கும் கோட்டும் பார்த்து எல்லாரும் மயங்கினார்கள், 2014 இல் கைக்கு வந்தபோது அந்த மினுக்கம் இல்லை. 2013 இல் ஏலியன்ஸ் கொலோனியல் மரீன்ஸுக்கு இன்னும் மோசம், இங்கிலாந்தின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புக்கு முறைப்பாடு போய், ட்ரெயிலர்கள் இறுதிக் கேமைச் சரியாகக் காட்டவில்லை என்று வெளியிட்ட சேகா கொம்பனி ஏற்றுக்கொண்டது.

டெட் ஐலண்ட் ட்ரெயிலர் தெரியுமா? 2011 இல் வந்தது. ஒரு குடும்பம், ஒரு சின்னப் பெண்பிள்ளை, விடுதி ஜன்னலில் இருந்து விழுவதைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டும், பார்த்தால் தொண்டை அடைக்கும். கான் விளம்பர விழாவில் தங்கம் வாங்கியது, கொடுத்தது சரி என்பேன், நான் பார்த்த நல்ல மூன்று நிமிடங்களில் ஒன்று. ஆனால் கேம் என்னவென்றால் துடுப்பாலும் கத்தியாலும் சொம்பிகளின் மண்டையை உடைத்துக்கொண்டு திரிவது. அந்தக் குடும்பத்துக்காக உங்களுக்கு வந்த சோகத்துக்கும் நீங்கள் விளையாடப் போவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த வகையை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன், கலியாண வீட்டு வாசலில் வைக்கிற வாழைமரம் மாதிரி, வடிவுதான், சாப்பாடு எப்படி என்று அது சொல்லாது.

நானும் விழுந்திருக்கிறேன். பெயர் வேண்டாம், சில வருடத்துக்கு முன் ஒரு கார் ஓட்டும் கேம், ட்ரெயிலரில் மலைப்பாதையில் பனி விழுகிறது, கண்ணாடியில் நீர்த்துளி ஓடுகிறது. மருமகனும் நானும் பாதிப் பாதிக் காசு போட்டு வாங்கினோம். என் கணினியில் அந்தப் பனி சதுரம் சதுரமாக விழுந்தது, கார் தேர் மாதிரி நகர்ந்தது. பிறகுதான் ட்ரெயிலரைத் திரும்பப் போட்டு எண்ணினேன். ஒன்றரை நிமிடத்தில் ஒரு ஷொட்கூட இரண்டு செக்கனைத் தாண்டவில்லை, ஓட்டுகிறவரின் இருக்கையில் இருந்து பாதை தெரிகிற காட்சி ஒன்றுகூட இல்லை. எடிட்டராக இருந்துகொண்டு இதை முதலே எண்ணாமல் விட்டேனே என்றுதான் வெட்கம்.

இப்ப நீங்கள் கேட்பீர்கள், நீளமான கேம்பிளே காட்டினால் நம்பலாமா என்று. முழுதாக நம்ப ஏலாது. சைபர்பங்க் 2077 க்கு 2018 இல் 48 நிமிடக் கேம்பிளே காட்டினார்கள், என் எண்ணும் முறைக்கு அது முழு மார்க் வாங்கும். 2020 டிசெம்பர் 10 வெளிவந்து, பிளேஸ்டேசன் 4 இல் ஓட ஏலாமல் தடுமாறி, ஒரு கிழமையில் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கியது, அடுத்த வருடம் ஜூனில்தான் திரும்ப வைத்தார்கள். ட்ரெயிலரில் காட்டியது விலைகூடிய கணினியில் ஓடியது, வாங்கினவன் வைத்திருந்தது ஏழு வருடப் பழைய பெட்டி. ஆகவே எண்ணுவதோடு இன்னொன்றும் பார்க்கவேண்டும்: எந்தப் பெட்டியில் பதிந்தது? இப்போது 'பிளேஸ்டேசன் 5 இல் பதியப்பட்டது' என்று எழுத்துப் போடுகிறார்கள். ஜிடிஏ 6 இன் இரண்டாவது ட்ரெயிலர் 2025 மேயில் வந்தபோது, எல்லாம் பிளேஸ்டேசன் 5 இல் எடுத்தது, பாதி விளையாட்டு பாதி கதைக்காட்சி என்று அதைச் செய்கிற ரொக்ஸ்டார் கொம்பனி சொன்னது. அப்படிச் சொல்லாவிட்டால் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரெயிலரில் வரும் திகதியை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள், அதே ஜிடிஏ 6 இன் முதல் ட்ரெயிலரில் 2025 என்று போட்டார்கள், அது தள்ளித் தள்ளி 2026 நவம்பர் 19 என்று ஆனது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 க்கு 2018 இல் ஒரு மலையையும் ஒரு பெயரையும் அரை நிமிடம் காட்டினார்கள், ஏழு வருடம் தாண்டியும் ஒன்றையும் காணோம்.

முழுப் பித்தலாட்டமும் உண்டு. த டே பிஃபோர் என்ற கேமின் ட்ரெயிலர் 2021 இல் வந்தது, கைவிடப்பட்ட ஊர், சேற்றில் போகும் வண்டி, பார்க்கப் பிரமாதம். கணினிக் கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் சனம் ஆசைப்பட்டியலில் போட்டுவைத்த கேம்களில் அது முதலிடத்துக்கே போனது. 2023 டிசெம்பர் 7 வந்தது, நான்கு நாளில் செய்த கொம்பனியே மூடிவிட்டது, அடுத்த மாதம் சேர்வரையும் நிறுத்திவிட்டார்கள். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், அந்தளவில் சரி.

எதிர்ப்பக்கமும் சொல்லாவிட்டால் பாவம். ஹொலோ நைட் சில்க்சோங் 2019 பெப்ரவரியில் அறிவித்தபோது சும்மா பெயரைப் போடவில்லை, விளையாட்டையே காட்டினார்கள், பாய்வது, ஊசியால் குத்துவது, விழுவது எல்லாம். அவுஸ்திரேலியாவில் ஒரு சிறு குழு. ஆறரை வருடம் சனம் பகிடி பண்ணிப் பண்ணிக் காத்திருந்தது, 2025 செப்டெம்பர் 4 வந்தபோது காட்டியதைத்தான் கொடுத்தார்கள், 20 டொலருக்கு. நோ மேன்ஸ் ஸ்கை வேறு கதை, 2016 இல் ட்ரெயிலரில் காட்டியதில் பாதியும் இல்லாமல் வந்து, பிறகு வருடக்கணக்காக இலவசமாகத் திருத்தித் திருத்தி ட்ரெயிலரையும் தாண்டிவிட்டது. ஆனால் முதல் நாள் வாங்கினவனுக்கு அது ஆறுதல் இல்லை, அவன் 2016 இல் 2016 கேமுக்குத்தான் காசு கொடுத்தான்.

உங்கள் கேமின் ட்ரெயிலரை நேற்றிரவு பார்த்தேன், தம்பி. ஒரு நிமிடம் ஐம்பது செக்கன். சத்தம் இல்லாமல் ஒரு தரம், எண்ணிக்கொண்டு ஒரு தரம். அதிக நீளமான ஷொட் மூன்று செக்கன், அந்தப் பெண் மழைக்குள் திரும்பிப் பார்ப்பது. உயிர் அளவு, வரைபடம் ஒன்றும் இல்லை. கீழே 'இன்-எஞ்சின்' என்று வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, ஒரு செக்கன்தான் நிற்கிறது, நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். எந்தப் பெட்டியில் எடுத்தது என்று எங்கேயும் இல்லை. முற்பதிவுக்குத் தருவது ஒரு தொப்பியும் ஒரு துவக்கு நிறமும்.

நான் என்றால் கட்டமாட்டேன். டிஜிட்டல் சாமான் கடையில் முடிந்துபோகாது, முதல் நாளில் இருப்பது முப்பதாம் நாளிலும் இருக்கும், பெரும்பாலும் பிழைகள் திருத்தியபடி, சிலவேளை விலையும் குறைந்து. வெளிவந்த அன்று யாராவது ஒருவர் வெட்டாமல் ஒரு மணித்தியாலம் விளையாடி யூரியூப்பில் போடுவார், அவர் வாய் ஓயாமல் கத்தினால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், உங்களிடம் இருக்கிற அதே பெட்டியில் விளையாடுகிறவராகத் தேடுங்கள். கணினியில் விளையாடுகிறீர்கள் என்றால் ஸ்டீமில் அதற்கு டெமோ வருகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியும் மனம் கேட்காமல் வாங்கினால், வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீமில் காசு திரும்ப வரும், அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பாத்திரத்துக்கு முடி வெட்டி உடுப்பு மாற்றுவதில் செலவழிக்காதீர்கள். பிளேஸ்டேசன் என்றால் கவனம், தரவிறக்கத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் காசு வராது, 14 நாள் கணக்கு தொடாமல் வைத்திருந்தால்தான்.

படத்துக்கு நான் இவ்வளவு பார்ப்பதில்லை. சனிக்கிழமை பின்னேரம் கூட்டாளிமாரோடு ராஜா தியேட்டருக்கோ செல்வா தியேட்டருக்கோ போவதென்றால் ட்ரெயிலர் கூடாவிட்டாலும் போவேன், அங்கே படம் பாதிதான், மிச்சம் விசிலும் இடைவேளை ரோல்சும். தனியாகப் போகிற படத்துக்கு மட்டும் எண்ணுவேன். அடுத்த தடவை ஏதும் ட்ரெயிலரில் வெட்டாமல் பத்துச் செக்கனைத் தாண்டும் ஷொட் ஒன்றைக் கண்டால் எனக்கும் அனுப்புங்கள், அதைப் பார்க்க இன்னும் ஆசை இருக்கிறது.